பலமனேர்ச் சூளை

சித்தூர் மாவட்டத்துப் பலமனேர் வட்டாரம் சுடுமண் வேலைக்குப் பெயர்போனது. குடம், சட்டியோடு குதிரையும் சுவரில் மாட்டும் சிற்பமும் இங்கே வேகின்றன.

சூளையில் அடியில் விறகு, மேலே பானை, அதற்கும் மேலே உடைந்த ஓடுகளின் மூடாக்கு. தீயை எடுத்த எடுப்பில் முடுக்கக் கூடாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம் சட்டென்று ஆவியானால் பானை வெடித்துவிடும். சூடு 600 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் மண், நீரில் கரையாத ஓடாகும். காற்று தாராளமாகப் புகுந்தால் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். புகையை உள்ளே அடைத்தால் பானை கறுக்கும். ஒரே மண், ஒரே கை, இரண்டு நிறம்.

ஜப்பானின் பிசென் சூளைகளில் பைன் விறகு நாள்கணக்கில் எரிகிறது. சூடு 1,200 டிகிரிக்கு ஏற, பறக்கும் சாம்பலே உருகி மெருகாகப் படியும். அந்தக் கலம் கசியாது. நம் பானை கசியும். கசிவதால்தான் சித்திரை வெயிலிலும் தண்ணீர் குளிர்கிறது. இதைக் குறை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

மண்கலத்துக்குக் கோயிலிலும் மதிப்பு உண்டு. திருமலையில் பொன் பாத்திரங்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் கருவறை வாசலிலுள்ள குலசேகரன் படியைத் தாண்டிப் பெருமாளிடம் போவது மண் ஓட்டில் வைத்த தயிர்சாதம்தான். மண்ணில் பூச்செய்து சாத்திய குயவர் குரும்பறுத்த நம்பியின் கதையை அதோடு சேர்த்துச் சொல்வார்கள்.

பானை வாங்கப் போகிறீர்கள், எதிரே இரண்டு பானைகள் இருக்கின்றன. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நன்றாக வெந்தது ‘டங்’ என்னும். விரிசல் விட்டது ‘டொப்’.