வானத்தில் அடுத்த வீட்டுத் தொல்லை!
டிரோன் காட்டும் படம் திடீரென்று மறைவது ஏன்?

காஞ்சீபுரத்தில் இன்று கல்யாண ஊர்வலத்தைப் படம் பிடிக்க டிரோன் வருகிறது. மாப்பிள்ளை காருக்கு மேலே வண்டு போல ரீங்காரம் கேட்கிறது. குழந்தைகள் அண்ணாந்து பார்த்துக் கைதட்டுகிறார்கள்.

டிரோன் என்பது ஆள் ஏறாத சிறு விமானம். அதில் ஒரு காமிரா இருக்கும். காமிரா பிடிக்கும் படம், ரேடியோ அலையாகத் தரைக்கு வருகிறது. அந்த அலையைப் பிடித்துப் படமாகக் காட்டும் கருவிக்கு 'ரிசீவர்' என்று பெயர்.

சிலர் கண்ணை மூடும் பெரிய கண்ணாடி அணிந்து டிரோனை ஓட்டுவார்கள். ரிசீவர் தரும் படம்தான் அவர்களுக்குக் கண். படம் மறைந்தால் கண் மறைந்த மாதிரி! கீழே ஜனக்கூட்டம் நின்றால் என்ன ஆகும்?

பல சமயம் கருவியில் பழுதே இருக்காது. பக்கத்தில் பறக்கும் இன்னொரு டிரோன்தான் காரணம்!

ரேடியோவில் நடந்த கதை

ரேடியோவில் ஒரு நிலையத்தைத் திருப்பினால், பக்கத்து நிலையத்தின் பாட்டும் சேர்ந்து கேட்பது உண்டு. அதே தொல்லைதான் இது.

கண்ணாடி அணிந்து ஓட்டும் சாதாரண டிரோன்கள் 5,800 மெகாஹெர்ட்ஸ் அளவை ஒட்டிப் படம் அனுப்புகின்றன. ஒரு படத்துக்குச் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பாதை வேண்டும்.

ஒரு வகைப் பட்டியலில் பாதைகள் 20 மெகாஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒரே சுவருக்கு இருபுறமும் இரண்டு வீடு போல! இந்த வீட்டுச் சத்தம் அந்த வீட்டில் கேட்கும். பந்தயக்காரர்கள் பயன்படுத்தும் பட்டியலில் இடைவெளி 37 மெகாஹெர்ட்ஸ். நடுவே ஒரு சந்து விட்ட மாதிரி. தொல்லை குறையும்.

கரையும் உடலும்

காஞ்சீபுரம் நெசவாளிக்கு இது எளிதில் விளங்கும். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். இருவர் சேர்ந்து நெய்வார்கள். கரையின் நூல் உடலுக்குள் புகுந்தால் சேலையின் அழகே போயிற்று.

ரிசீவரில் இப்படிப் பிரித்து வைப்பது 'வடிகட்டி'. தன் அலையை உள்ளே விடும். பக்கத்து அலையைத் தள்ளும். வடிகட்டி சரியில்லாவிட்டால் படத்தில் கோடுகள் ஓடும். சில சமயம் அடுத்தவர் படமே தெரியும்!

எந்த ரிசீவர் நல்லது?

முதல் வகைக்கு ஒரே ஆண்டெனா. விலை குறைவு. பக்கத்து அலை பலமாக வந்தால் திணறும்.

இரண்டாவது வகைக்கு இரண்டு ஆண்டெனா. எதில் அலை பலமாக இருக்கிறதோ, அதற்கு மாறிக்கொள்ளும். டிரோன் ஒரு கட்டடத்துக்குப் பின்னால் போனால் இது கைகொடுக்கும். ஆனால், பலமாக வரும் அலை யாருடையது என்று இதற்குத் தெரியாது. அடுத்தவர் அலையையே பெரிதென்று நினைத்துவிடலாம்!

மூன்றாவது வகை, இரண்டு ஆண்டெனாவின் படங்களையும் ஒன்றாகச் சேர்க்கும். படம் உருண்டு ஓடாமல் நிறுத்திப் பிடிக்கும். இருந்தாலும் வடிகட்டி நன்றாக இருந்தால்தான் பக்கத்து அலை விலகும்.

நான்காவது வகை டிஜிட்டல். சிறு பிழைகளைத் தானே திருத்தும். நல்ல கருவிகள் நெரிசல் இல்லாத பாதைக்குத் தாமே மாறும். ஆனால் தொல்லை எல்லை மீறினால் படம் அப்படியே உறைந்து நிற்கும். பழைய வகையில் முதலில் புள்ளிகள் தோன்றி எச்சரிக்கும். இதில் அந்த எச்சரிக்கை குறைவு.

இரண்டு சேர்ந்து மூன்று!

இன்னொரு விந்தையும் உண்டு. இரண்டு அலைகள் கருவிக்குள் கலந்தால், மூன்றாவது அலை பிறக்கும்.

ஒருவர் 5,658-லும் மற்றவர் 5,695-லும் படம் அனுப்புகிறார்கள். 5,695-ஐ இரட்டித்து 5,658-ஐக் கழித்தால் 5,732 வரும். பந்தயப் பட்டியலின் மூன்றாவது பாதை அதுவேதான்! அங்கே பறப்பவருக்கு, யாரும் இல்லாமலே தொல்லை வரும். அதனால் ஆறு பேர் பறக்கும்போது, இடைவெளியைச் சமமாக வைக்காமல் கூட்டிக் குறைத்துப் பாதைகளைப் பிரிப்பார்கள்.

2016 மார்ச்சில் துபாயில் நடந்த பெரிய டிரோன் பந்தயத்தில் 15 வயது ஆங்கிலேயச் சிறுவன் 2,50,000 டாலர் பரிசு வென்றான். இப்படிப்பட்ட பந்தயங்களில் கைத்திறமை மட்டும் போதாது. பாதைப் பங்கீடும் வேண்டும்.

இந்தியாவில் 2018-ல் இந்தப் பகுதியில் உரிமமின்றிப் பயன்படுத்த விட்டது 5,875 மெகாஹெர்ட்ஸ் வரைதான். பந்தயப் பட்டியலின் கடைசி இரண்டு பாதைகள் அதற்கு மேலே இருக்கின்றன.

கல்யாண வீட்டார் கவனத்துக்கு

ஒரே தெருவில் இரண்டு கல்யாணம் என்றால், படம் பிடிப்பவர்கள் முதலில் கூடிப் பேசிப் பாதையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

டிரோனை முடுக்கும் முன் ரிசீவரை மட்டும் போட்டுப் பார்க்கலாம். பழைய வகை ரிசீவரில் படம் தெரிந்தால் அந்தப் பாதையில் வேறொருவர் இருக்கிறார் என்று அர்த்தம். அப்போது தன் டிரோனை முடுக்கினால், வானத்தில் இருப்பவருக்குக் கண் மறைந்துவிடும்!

2021-ம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, தொழிலுக்காக 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனை ஓட்டுகிறவரிடம் சான்றிதழ் இருக்க வேண்டும். கல்யாண வீட்டார் அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. "எந்தப் பாதையில் பறக்கிறீர்கள்?" என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். பதில் தெரியாதவரிடம் டிரோனைக் கொடுத்து, கூட்டத்துக்கு மேலே பறக்க விட வேண்டாம்.