பாட்டுக் கைமாற்று

“இப்ப என்ன பாய் கேட்டுக்கிட்டிருக்கீங்க?” என்று மேல்விஷாரத்தில் ஒருவர் விசாரித்தால் உடனே பதில் சொல்லிவிடக் கூடாது. விசாரிப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். இசைக்கருவி கலந்த எதுவும் ஆகாது என்பவர் இருக்கிறார். தஃப் ஒன்று மட்டும் பரவாயில்லை என்பவர் அவருக்குப் பக்கத்து வீடு. கஜல் வரைக்கும் வருவேன், சினிமாப் பாட்டு வேண்டாம் என்பார் எதிர்வீட்டுக்காரர். அவருடைய மகன் காதில் எதைச் செருகிக்கொண்டு திரிகிறான் என்பது அவனுக்கும் அவன் போனுக்கும்தான் தெரியும். நான்கு பேரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறார்கள், ஒரே கடையில் டீ குடிக்கிறார்கள்.

சென்னையில் இருப்பவர் தான் கேட்டதையெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். இங்கே ஆள் பார்த்து அனுப்ப வேண்டும். இதைக் கட்டுப்பெட்டித்தனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த இடத்தில் முகம் சுளிப்பார், அந்த ஆலாபனை வரும்வரை பொறுத்தால் மயங்கிவிடுவார் என்று இன்னொருவரின் காதை அறிந்து வைத்திருப்பது லேசான காரியமில்லை. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டி நீளும் தோல் ஊர்களில், தமிழும் உருதுவும் ஒரே மூச்சில் புழங்கும் வீடுகளில், அந்தக் கெட்டிக்காரத்தனம் நிறைய இருக்கிறது. சில வாரங்களாக நான் கேட்டவற்றையும், அவற்றை யாருக்கு அனுப்பினேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாணி ஜெயராம். நம் வேலூரில் 1945-இல் பிறந்தவர் என்ற உரிமையில் மட்டும் சொல்லவில்லை. கர்நாடக சங்கீதம் கற்று, எட்டு வயதிலேயே சென்னை வானொலியில் பாடியவர். அதே சமயம் இலங்கை வானொலியின் இந்திப் பாட்டுகளில் கிறங்கிப் போன சிறுமி. பிறகு ஸ்டேட் வங்கியில் வேலை, கல்யாணம், பம்பாய். அங்கே பாட்டியாலா கரானாவின் உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் தும்ரியும் கஜலும் கற்றார். 1971-இல் ‘குட்டி’ என்ற இந்திப் படத்தில் வசந்த் தேசாய் இசையில் மியான் கி மல்ஹார் ராகப் பாட்டைப் பாடியதும் வடக்கே பெயர் வந்துவிட்டது. தமிழ்நாடு அவரை ‘தீர்க்க சுமங்கலி’ (1974) வந்த பிறகுதான் சரியாகக் கவனித்தது. ‘அபூர்வ ராகங்கள்’, ‘சங்கராபரணம்’, ‘ஸ்வாதி கிரணம்’ என்று மூன்று தேசிய விருதுகள். 2023 ஜனவரியில் பத்ம பூஷண் அறிவித்தார்கள். கையில் வாங்கும் முன்பே பிப்ரவரி 4-ஆம் தேதி போய்விட்டார்.

அந்த இந்திப் பாட்டையும் ‘அபூர்வ ராகங்க’ளில் அவர் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். சுரத்தில் நிற்பதில் ஒரு தயக்கமும் கிடையாது. கமகம் எந்த அளவுக்கு வேண்டும் என்பதை மட்டும் மொழிக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்கிறார். இரண்டையும் ஆம்பூரில் இருக்கும் ஒரு தோல் ஏஜெண்ட் நண்பருக்கு அனுப்பினேன். ரஃபிக்குப் பிறகு யாரும் பாடவில்லை என்ற கட்சி அவர். “நம்ம ஊர்ப் பொண்ணா?” என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவரிடமிருந்து அது பெரிய சரணாகதி.

இலங்கை வானொலியின் கதையை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1952-இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றால் எட்டிக்காய். சாஸ்திரிய சங்கீதத்தால் ஜனங்களின் ரசனையை உயர்த்திவிடலாம் என்று நம்பினார். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு ஒடுங்கியது. ஜனங்கள் ரேடியோ முள்ளைத் திருப்பினார்கள். கொழும்பிலிருந்து சிற்றலையில் புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ வந்தது. தமிழுக்கு மயில்வாகனன், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது. அரசாங்கம் இறங்கி வந்து விவித் பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபரில். இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு ரஃபி, தலத் மஹ்மூத், டி.எம்.எஸ். எல்லாரும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவர்கள். ‘வேறு வேறு வகை இசை’ என்று இன்று பிரித்துப் பேசுகிறோமே, அவர்களுக்கு அது முள்ளை ஒரு நூலளவு நகர்த்தும் வேலைதான்.

கேசட் வந்த பிறகு கைமாற்று சூடு பிடித்தது. எண்பதுகளில் தமிழ்நாட்டின் எந்தச் சின்ன ஊரிலும் ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, ஒரு காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். 60 என்றால் பக்கத்துக்கு அரை மணி. 90 என்றால் முக்கால் மணி. கணக்குத் தவறினால் கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துவிடும். இடம் குறைவு என்பதால் ஒவ்வொரு பாட்டுக்கும் யோசித்தார்கள். ஏ பக்கம் நாகூர் ஹனிபா, பி பக்கம் இளையராஜா என்று எழுதி வைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. விருந்தாளி வந்தால் எந்தப் பக்கத்தைப் போடுவது என்பது வீட்டுக்காரரின் ராஜதந்திரம். அப்புறம் மெமரி கார்டு. மொபைல் கடையில் சிப்பை நீட்டி “பாட்டு ஏத்திக் குடுங்க” என்றால் போதும், 2 ஜிபியை நிரப்பித் தருவார்கள். அதோடு பட்டியல் எழுதும் பழக்கம் போயிற்று. கடைக்காரர் எதை வைத்திருந்தாரோ அதுதான் எல்லாருக்கும். யூடியூப் தானாக அடுத்த பாட்டைத் தள்ளிவிடுவதைப் பற்றி இப்போது குறைபடுகிறவர்கள் அந்த சிப் காலத்தை மறந்துவிட்டார்கள்.

இன்றைக்கு இந்தப் பக்கத்தில் பாட்டுத் தேர்வில் யார் கில்லாடி என்று கேட்டால் கம்பெனி வேன் டிரைவர்களைத்தான் காட்டுவேன். ஷூ கம்பெனிகளுக்குத் தையல் வேலைக்குப் போகும் பெண்களை ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்புகிறார்கள். பெருமாளைக் கும்பிடுபவர், சர்ச்சுக்குப் போகிறவர், புர்கா அணிந்தவர் எல்லாரும் ஒரே வண்டியில். முதலில் ஒரு விநாயகர் பாட்டு, ஒரு மாதா பாட்டு, ஒரு ஹனிபா. அதன் பிறகு இளையராஜா. சாயங்காலம் திரும்பும்போது தேவாவோ அனிருத்தோ. முதுகு ஒடியத் தைத்துவிட்டு வருகிறவர்களுக்குக் காலைப் பாட்டு ஒத்துவராது என்பது அந்த டிரைவருக்குத் தெரியும்.

ஹனிபாவின் குரலில் எனக்குப் பிடித்தது அதன் வெளிச்சம். ஒளிவு மறைவு இல்லாத, மேட்டில் நின்று கூப்பிடுவது போன்ற குரல். அரசியல் மேடைக்கும் தர்கா மேடைக்கும் அவர் குரலை மாற்றிக்கொண்டதில்லை. தி.மு.க.வின் பிரச்சாரப் பாட்டுகளைப் பாடி ஊர் ஊராகப் போனவர், 2002-இல் வாணியம்பாடி இடைத்தேர்தலில் அந்தக் கட்சியின் வேட்பாளராகவே நின்றார். தோற்றார். பாட்டை ரசித்தவர்கள் எல்லாரும் ஓட்டுப் போட்டுவிடுவார்களா என்ன? இளையராஜா அவரை ‘ராமன் அப்துல்லா’வில் (1997) பாட வைத்தார். அதை இந்த மாதம் திரும்பத் திரும்பக் கேட்டேன். நவீன இசைக்கோர்வை சுற்றிலும் ஓடும்போது அந்தக் குரல் கொஞ்சமும் வளைந்து கொடுப்பதில்லை. இளையராஜாவும் வளைக்கப் பார்க்கவில்லை. இதை யாருக்கும் தயங்காமல் அனுப்பலாம் என்று நினைத்தேன். “பாட்டு நல்லாத்தான் இருக்கு, பின்னாடி வர்ற சத்தத்தைக் குறைக்க முடியாதா?” என்று ஒரு ஹாஜியார் கேட்டார்.

அவருக்கு வேறு வழி இருக்கிறது. லெபனான் வம்சாவளி ஸ்வீடன் பாடகர் மாஹிர் ஜைன் 2009-இல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டபோது மேற்கத்திய பாப் இசையைக் கேட்டு வளர்ந்த முஸ்லிம் பிள்ளைகள் உலகமெங்கும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவருடைய பாட்டுகள் கருவிகளோடு ஒரு வடிவமும், குரல் மட்டும் உள்ள இன்னொரு வடிவமுமாகக் கிடைக்கின்றன. சந்தைக் கணக்கு என்று சொல்லிவிடலாம். ஆனால் குரல் மட்டும் உள்ளதைக் கேட்டால் ஒரு விஷயம் புலப்படும்: தாளத்தையும் பேஸையும்கூட வாயாலேயே அடுக்கியிருக்கிறார்கள். விரதம் இருப்பவருக்கென்று சமைக்கப்பட்ட விருந்து மாதிரி. எனக்குக் கருவி உள்ள வடிவத்தைவிட இதுதான் சுவையாக இருக்கிறது. ஹாஜியாருக்கும் அனுப்பினேன். பேரனிடம் கொடுத்துவிட்டாராம்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் இருப்பவர்கள் நாகூர் பக்கீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்களின் இசையைத் தேடிப் பதிவு செய்த ‘லயா ப்ராஜெக்ட்’டில் அவர்கள் பாடியிருக்கிறார்கள். பின்னர் ‘நாகூர் செஷன்ஸ்’ என்று தனி ஆல்பமே வந்தது. அப்துல் கனி, அஜா மைதீன், சாபுர் மைதீன் என்ற மூவர். கையில் தாயிரா என்ற தோல்கருவி, அடிவயிற்றிலிருந்து வரும் குரல். ரமலான் இரவுகளில் சஹருக்கு எழுப்ப வரும் பாவாக்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தாயிரா அடி பழக்கமானது. போன் அலாரம் வந்தபின் இப்போதெல்லாம் அவர்களை அபூர்வமாகத்தான் பார்க்கிறோம். ஆல்பத்தில் அந்தக் குரல்களைச் சுற்றி மின்னிசைப் பூச்சு கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

தாயிரா என்றதும் தோலைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை, ஊர் அப்படி. இத்தனை டேனரிகள் உள்ள இடத்தில் மேளத்துக்குத் தோல் சுலபமாகக் கிடைக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். டேனரியில் பதப்படுத்திய தோல் மேளத்துக்கு உதவாது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறினாலும், இப்போது குரோமியத்தில் ஊறி ‘வெட் ப்ளூ’வாக வெளியே வந்தாலும், தோல் மெத்தென்று வளையக் கற்றுக்கொள்கிறது. ஷூவுக்கு அதுதான் வேண்டும். மேளத்துக்கோ முடி நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்த பச்சைத் தோல் வேண்டும். விறைப்பாக நின்றால்தான் அதிரும். பச்சைத் தோல் ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துவிடும் என்பதால்தான் பறையைத் தீயில் காட்டுகிறார்கள். மிருதங்கத்துக்குப் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் தேவை. அதைச் செய்து தரும் கைகளைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று 2020-இல் புத்தகம் எழுதினார். கலாக்ஷேத்ரா தன் அரங்கை வெளியீட்டு விழாவுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்கியது. விழா வேறிடத்தில் நடந்தது. பொருள் வேண்டும், அதன் பின்னால் இருக்கும் தோல் வேலை வேண்டாம் என்ற அந்தச் சங்கடம் தோல் தொழிலில் பிழைக்கும் எங்களுக்குப் புதிதில்லை. ஷூவைப் போட்டுக்கொள்வார்கள், டேனரி வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

அந்தப் புத்தகத்தைப் படித்த கையோடு வேலூர் ஜி. ராமபத்ரனைத் தேடிக் கேட்டேன். 1929-இல் பிறந்து 2012-இல் மறைந்தவர், 2004-இல் சங்கீத கலாநிதி. மதுரை மணி ஐயர் பாட, டி.என். கிருஷ்ணன் வயலின் வாசிக்க, இவர் மிருதங்கம் வாசித்த பழைய பதிவுகள் கிடைக்கின்றன. தனி ஆவர்த்தனத்துக்குத் தாவிவிடாமல் மணி ஐயர் சுரம் பாடும் இடத்தைக் கேளுங்கள். எங்கே அடிக்காமல் விடுகிறார் என்பதில்தான் ராமபத்ரனின் அழகு. இதை டேனரியில் தோல் தரம் பிரிக்கும் ஒரு நண்பருக்கு அனுப்பினேன். கர்நாடக சங்கீதம் அவருக்கு ஆகாது. ஆனால் தோலை விரலால் தட்டிப் பார்த்தே தடிப்பைச் சொல்லக்கூடியவர். “இடது பக்கம் மாவு பூசியிருக்கா?” என்று கேட்டார். ரவையைப் பிசைந்து அப்புவார்கள் என்று எழுதினேன். அவர் பாட்டைக் கேட்கவேயில்லை, தோலை மட்டும் கேட்டிருக்கிறார். அதுவும் ஒரு வகைக் கேட்பு.

பையன்களிடமிருந்து எனக்கு வந்தது ராப் பாடகர் அறிவு. அரக்கோணத்துக்காரர்; 2019-இல் பிறந்த ராணிப்பேட்டை மாவட்டக் கணக்கில் அரக்கோணமும் மேல்விஷாரமும் ஒரே கலெக்டருக்குக் கீழே. 2021-இல் பாடகி ‘தீ’யோடு பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகத்துக்கே தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் நினைவிலிருந்து எழுதிய பாட்டு அது. அப்துல் ஹக்கீம் கல்லூரி மாணவர் ஒருவர் என்னை அங்கே நிற்க விடவில்லை; இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து அறிவு 2019-இல் வெளியிட்ட ‘தெருக்குரல்’ ஆல்பத்தைக் கேட்கச் சொன்னார். ராப் பாட்டில் தமிழ் மெல்லின எழுத்துகள் என்ன செய்யும் என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். வல்லினத்தை வைத்துத் தாளம் பிடித்து, மெல்லினத்தில் மூச்சு வாங்குகிறார் அந்தப் பிள்ளை.

கஜல்களைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இந்தப் பக்கத்தில் யாரும் யாருக்கும் மெஹ்தி ஹசனை அறிமுகப்படுத்த வேண்டாம். ராஜஸ்தானில் பிறந்து, பிரிவினையில் பாகிஸ்தான் போய், சைக்கிள் கடையிலும் டிராக்டர் மெக்கானிக்காகவும் பிழைத்துக்கொண்டே சாதகத்தை விடாமல் இருந்தவர் என்ற ஒரு செய்தியை மட்டும் ஷிஃப்டு வேலையில் சலித்துக்கொள்ளும் மருமகனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

நேற்று எனக்கே ஒன்று வந்திருக்கிறது. ஆற்காட்டில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஷேக் சின்ன மௌலானாவின் நாதஸ்வரத்தை அனுப்பியிருக்கிறார். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து, 1998-இல் சங்கீத கலாநிதி வாங்கியவர் மௌலானா சாகிப். “உங்க ஆளுதானே?” என்று கீழே எழுதியிருந்தார் ஐயா. “உங்க ஆளுதான்” என்று நான் பதில் போட்டேன். ஆனால் கைமாற்று என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. கஜல் என்றால் அவருக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் தாங்காது, ராப் என்றால் போனையே அணைத்துவிடுவார். நாகூர் மூவரைத்தான் அனுப்பலாமென்று இருக்கிறேன். முதல் அரை நிமிடம் மின்னிசைதான் வரும், அதைத் தள்ளிவிட்டுக் கேளுங்கள் ஐயா என்று மறக்காமல் எழுத வேண்டும்.