பழைய காருக்கு எந்த உறுப்பு பொருந்தும்?

கள்ளக்குறிச்சியில் என் நண்பர் ஒருவர் வீட்டுக் கொல்லையில், கீற்றுக் கொட்டகையின் கீழ் ஒரு பழைய கார் நிற்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது அதன் பெயர். அவருடைய தந்தையார் ஓட்டிய கார். அதைச் சீர்செய்து, மனைவி மக்களோடு கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது நண்பரின் ஆசை. சென்ற மாதம், தாம் வாங்க எண்ணிய பொருள்களின் பட்டியலை என்னிடம் காட்டினார். பளபளக்கும் எவர்சில்வர் போல்ட்டுகள், பெட்டி பிரிக்காத பழைய பிரேக் ரப்பர்கள், புதுமாதிரி உயர்ந்த சீட்டுகள் ஆகிய மூன்றும் அதில் இருந்தன. "நீதான் இயற்பியல் வாத்தியார் ஆயிற்றே, எது சரி என்று சொல்லேன்" என்றார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஓர் உறுப்பு அசலா, புதிதா, அழகாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், அது என்ன வேலை செய்கிறது, எந்தப் பொருளால் ஆனது என்று கேளுங்கள். விடை தானாகவே கிடைக்கும்.

முதலில் காரைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். பிரிட்டனில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு என்னும் காரின் இந்திய வடிவம் இது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 948 கன செ.மீ. எஞ்சினுடன் இதைச் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்தது. அந்நிறுவனத்தின் கார்த் தயாரிப்பு 1980-களின் இறுதியில் நின்றுபோயிற்று. எனவே இன்று உறுப்புகளுக்குப் பழைய சரக்கு வைத்திருக்கும் கடைகளை நாட வேண்டும்; அல்லது பிரிட்டனிலிருந்து வரவழைக்க வேண்டும்.

போல்ட்டும் புரியும்

இந்தக் காரின் போல்ட்டுகள் அங்குல அளவில் அமைந்தவை. 5/16 அங்குல போல்ட் ஒன்றின் விட்டம் 7.94 மி.மீ. இன்று எந்தக் கடையிலும் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டும் பார்வைக்கு அதேபோல இருக்கும். ஆனால் அங்குல போல்ட்டில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே 1.06 மி.மீ.; மற்றதில் 1.25 மி.மீ. ஒரு சுற்றுக்கு 0.19 மி.மீ. வேறுபாடு என்றால், ஐந்து சுற்றில் ஏறக்குறைய ஒரு முழுப் புரியே தவறிவிடும். அதனால்தான் தவறான நட் முதலிரண்டு சுற்று ஏறி, பிறகு சிக்கிக்கொள்கிறது. ஸ்பானரை வலிந்து திருப்பினால் புரி நசுங்கும். இறுகியதுபோல் தோன்றும், உண்மையில் இறுகியிராது.

எவர்சில்வர் போல்ட் துருப்பிடிக்காது என்பது மெய்தான். ஆனால் தலையில் 8.8 என்று பொறித்த எஃகு போல்ட், சதுர மில்லிமீட்டருக்கு 640 நியூட்டன் விசை வரை நிலையாக நீளாமல் தாங்கும். சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை எவர்சில்வர் போல்ட் 450 நியூட்டன்தான் தாங்கும். எண் பலகையை மாட்ட எவர்சில்வர் போதும். சீட்டையும் சக்கரத்தையும் பிடித்து நிற்க அது போதாது.

பெட்டி பிரிக்காத ரப்பர்

நாற்பது ஆண்டுகளாகப் பெட்டியிலேயே இருந்த அசல் எஃகு உறுப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம். ரப்பர் அப்படியன்று. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டித்துக்கொண்டே இருக்கின்றன. பெட்டிக்குள்ளும் ரப்பருக்கு வயதாகிறது. எனவே பிரேக் ரப்பர்களையும் பிரேக் குழாய்களையும் அண்மையில் செய்தவையாகவே வாங்க வேண்டும்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? கணக்கிட்டுப் பாருங்கள். நால்வர் அமர்ந்த காரின் நிறை 1,100 கி.கி. என்று கொள்வோம். மலையிலிருந்து 600 மீட்டர் கீழே இறங்கும்போது அது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 65 லட்சம் ஜூல். இது 22 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம்! கியரைக் குறைத்து எஞ்சினின் தடையைப் பயன்படுத்தாவிட்டால், இதில் பெரும்பகுதி பிரேக்கில்தான் இறங்கும்.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டாலோ அது 140 டிகிரி அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. ஆவியைச் சுருக்க முடியும். அப்போது பிரேக் மிதி காலோடு சேர்ந்து தரைக்குப் போய்விடும், வண்டி நிற்காது.

பட்டியலில் இல்லாத உறுப்பு

மிக முக்கியமான உறுப்பு ஒன்று நண்பரின் பட்டியலில் இல்லை. அதன் பெயர் டிரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான எஃகுத் தண்டின் கீழ்முனையில் புரி வெட்டியிருக்கும். செம்புக் கலப்புலோகத்தால் ஆன டிரன்னியனுக்குள் அது திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு இந்தப் புரியில் சுழல்கிறது. வலப்புறத்துக்கும் இடப்புறத்துக்கும் புரியின் திசை வேறுவேறு; மாற்றி வாங்கினால் பொருந்தாது.

இதற்குக் கெட்டியான கியர் எண்ணெய்தான் செலுத்த வேண்டும். ஆனால் ஒர்க்ஷாப்புகளில் பழக்கத்தால் கிரீஸை அடைத்துவிடுவதுண்டு. எண்ணெய் வழிந்தோடிப் புரியின் ஒவ்வொரு இடுக்கிலும் பரவும். கிரீஸ் நின்ற இடத்திலேயே நின்று காயும். இடுக்கில் தங்கிய நீர் எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். துருப்பள்ளத்தில் தகைவு குவிந்து விரிசல் தொடங்கும். ஒருநாள் தண்டு முறிந்தால் சக்கரம் மடிந்துவிடும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது தண்டின் மீது பளு மிகுதி. கொண்டை ஊசி வளைவில் நாம் செய்வது அதைத்தானே?

இந்த உறுப்பு இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. 1962 முதல் 1980 வரை பிரிட்டனில் தயாரான டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரிலும் இதே அமைப்பு உண்டு என்பதே காரணம்.

சீட் என்பது மெத்தை மட்டுமா?

நீங்கள் உட்காரும்போது சீட் எத்தனை செ.மீ. அமுங்குகிறது? அதை வைத்தே அதன் இயல் அதிர்வெண்ணை ஏறக்குறையக் கணக்கிடலாம். 5 செ.மீ. அமுங்கினால் நொடிக்குச் சுமார் 2.2 அதிர்வுகள், 1 செ.மீ. மட்டும் அமுங்கினால் சுமார் 5. மேலும் கீழுமான குலுக்கலில், நொடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வுகளே மனித உடலை மிகவும் வருத்துகின்றன. ஆகவே கல்போன்ற ஃபோம் மலைப்பாதையில் முதுகைப் பதம் பார்க்கும். குஷன் கடையில் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன், உட்கார்ந்து ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

ஆனால் உயிரைக் காப்பது சீட்டின் அடிப்பகுதி. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் மோதி, அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்கிறது என்று கொள்வோம். 60 கி.கி. நிறையுள்ள ஒருவரைப் பிடித்து நிறுத்த 7,400 நியூட்டன் விசை தேவை; அதாவது சுமார் 750 கிலோ எடை! பெல்ட்டைச் சீட்டோடு பிணைத்தால் இவ்வளவும் சீட்டின் போல்ட்டுகள் மீதும், அவை நிற்கும் தகரத்தின் மீதும் இறங்கும். அறுபது ஆண்டு பழைய தரைத் தகரம் துருவேறியிருந்தால் அது காகிதம்போல் கிழியும். எனவே முதலில் தகரத்தைச் சுரண்டிப் பார்த்துச் சீராக்க வேண்டும்; போல்ட்டுக்குக் கீழே அகலமான எஃகுத் தகடு வைக்க வேண்டும்; பெல்ட்டைச் சீட்டில் அல்லாமல் வண்டியின் உறுதியான பாகத்தில் பிணைக்க வேண்டும். தலை சாயும் திண்டுள்ள உயர்ந்த சீட்டு, பின்னாலிருந்து வேறு வண்டி மோதினால் கழுத்தைக் காக்கும். அந்த வகையில் நண்பரின் தேர்வு நல்லதே. ஆனால் தலை கூரையில் இடிக்காத உயரமுள்ளதாக அது இருக்க வேண்டும்.

நண்பர் பட்டியலைத் திருத்திவிட்டார். டிரன்னியன் முதலிடத்திலும், புதிய பிரேக் ரப்பர் இரண்டாமிடத்திலும், தரைத் தகரம் மூன்றாமிடத்திலும் வந்தன. சீட்டின் உறை கடைசிக்குப் போய்விட்டது. கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்து மலையேறும் அந்தப் பயணம் சில மாதங்கள் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் என்ன? மலை அங்கேயேதான் இருக்கும். ஏறியவர்கள் பத்திரமாக இறங்கி வர வேண்டும் அல்லவா?