தமிழகப் பறவைத் தலங்கள் – 6: கோடியக்கரையின் ஓராண்டு

சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து நேராகத் தெற்கே இறங்கி வந்து, கோடியக்கரையில் மேற்கே மடங்குகிறது. முனையின் கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. எதிரே யாழ்ப்பாணக் கரை ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான். நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ள இந்த முனையும் அதன் காடும் 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. வெளிமானுக்குப் பேர்போன இடம் அது. மேற்கே முத்துப்பேட்டை வரை நீளும் சதுப்பையும் சேர்த்து, 2002இல் தமிழகத்தின் முதல் ராம்சார் தலமாயிற்று.

பறவை பார்ப்பவருக்குக் கோடியக்கரை ஒரே இடமல்ல. மணல்மேடுகளின் மேல் பாலை மரமும் முட்புதரும் அடர்ந்த வறண்ட பசுமைக்காடு ஒன்று. காட்டுக்கு மேற்கே, நீரிணையை ஒட்டிக் கிடக்கும் வேதாரண்யம் சதுப்பு மற்றொன்று; கடலுக்கும் அதற்கும் நடுவே மணல்திட்டு மட்டுமே. மூன்றாவது, மனிதர் அமைத்த உப்பளங்கள். ஒரு பருவத்தில் காடு நிறைந்திருக்கும், சதுப்பு வெறிச்சோடும். இன்னொரு பருவத்தில் சதுப்பைவிட்டு உப்பளத்துக்குப் போனால்தான் பறவை கண்ணில் படும். வலசை வரும் நாளை வடக்கின் பருவம் தீர்மானிக்கிறது. வந்த பறவை இங்கே எங்கே நிற்கும், எத்தனை நாள் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது நீரின் ஆழமும் உப்பும்தான். ஆகவே கோடியக்கரைக்குப் புறப்படுபவர் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதோடு மழையையும் காற்றையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

வலசைக் கணக்கு ஆடியின் பிற்பகுதியில் தொடங்குகிறது. ஊரெல்லாம் கச்சான் காற்றில் புழுதி பறக்கும் அந்த நாட்களில், சதுப்பின் விளிம்பில் முதல் உப்புக்கொத்திகள் வந்து இறங்கும். ஆவணியில் வளைமூக்கு உள்ளான்கள், கொசு உள்ளான்கள், பவளக்காலிகள் சேர்ந்துகொள்ளும். முதலில் வருபவை வளர்ந்த பறவைகள். அவற்றில் சிலவற்றின் மார்பில் இனப்பெருக்கக் காலத்துச் செம்மை இன்னும் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கோடையில் பொரித்த குஞ்சுகள் சில வாரங்கள் கழித்து, தாய் தந்தை துணையின்றித் தாமாகவே வந்துசேர்கின்றன. வளைமூக்கு உள்ளான் கூடு கட்டுவது சைபீரியாவின் ஆர்க்டிக் கரையில். அங்கிருந்து கோடியக்கரை நேர்கோட்டில் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கொசு உள்ளானும் ஆர்க்டிக்கிலிருந்து வருவதுதான். அதன் எடையோ ஒரு சிட்டுக்குருவியின் எடை.

புரட்டாசியும் ஐப்பசியும் காட்டுக்குரிய மாதங்கள். பூநாரை பார்க்கத் தை மாதம் வந்துபோகிறவர்கள் இந்தப் பருவத்தைத் தவறவிடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது கோடியக்கரையில் பாதியைத்தான். இமயத்தின் அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் தெற்கே இறங்கும் காட்டுப் பறவைகளில் ஒரு பகுதி கிழக்குக் கரையோரமாக வருகிறது. அவற்றில் பல இலங்கை வரை போகக்கூடியவை. அவற்றுக்குக் கடலுக்கு முன் கிடைக்கும் கடைசி மரநிழல் கோடியக்காடு. இரவில் பறந்து, விடியலில் கீழே நிலம் முடிவதைக் கண்டு இறங்கும் பறவைகள் இங்கே தங்கி இரை தேடிக்கொண்டு மேலே செல்கின்றன. முந்தைய இரவு மழை பெய்திருந்தால், காலையில் ஒரு புதர்க்கூட்டத்துக்குள்ளேயே எதிர்பாராத எண்ணிக்கையில் பறவைகள் ஒளிந்திருக்கும்.

அவற்றுள் ஆறுமணிக்குருவி முதன்மையானது. பச்சை முதுகும் பழுப்பு மார்பும் அடிவயிற்றில் சிவப்பும் கொண்ட, வால் குட்டையான பறவை. சருகுக்குள் தத்தித் தத்திப் பூச்சி தேடும். அசையாமல் நின்றுவிட்டால் அத்தனை நிறமும் சருகோடு சருகாகிவிடும். ஆகவே இதைக் கண்ணால் தேடுவதைவிட, காலையிலும் அந்தியிலும் எழும் இரட்டைச் சீழ்க்கையைக் காதால் தேடுவதே வழி. செந்தலைப் பூங்குருவியும் தரையில்தான் மேயும். மரத்தடியில் நடந்தபடி வாலை மேலும் கீழுமின்றிப் பக்கவாட்டில் ஆட்டுவது காட்டு வாலாட்டி. மற்ற வாலாட்டிகளிலிருந்து அதைப் பிரித்தறிய இந்த ஓர் அடையாளம் போதும். மேல்கிளைகளில் அரசவால் ஈப்பிடிப்பானும் மாங்குயிலும் வந்துபோகும். திறந்த வெளியில் பழுப்புக் கீச்சான் ஒரு முட்புதரின் உச்சியைத் தன் இடமாகப் பிடித்துக்கொண்டு உட்காரும். காலை ஒன்பது மணிக்கு மேல் காடு அடங்கிவிடுகிறது. அதற்குப்பின் அங்கே நிற்பதில் பயனில்லை.

கார்த்திகையில் நிலைமை தலைகீழாகிறது. வடகிழக்குப் பருவமழைதான் இந்தக் கரையின் மழை. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையே கொட்டிவிடும். காவிரிப் படுகையின் வடிகால் ஆறுகளும் இதே சமயம் சதுப்பின் மேற்குப் பகுதிக்கு நன்னீர் கொண்டுவருகின்றன. சேற்றுவெளி முழுவதும் நீருக்கடியில் போய்விடும். ஒரு விரற்கடை நீருக்கு மேல் நிற்க முடியாத கொசு உள்ளானுக்கும், நின்று பார்த்து ஓடிக் கொத்தும் உப்புக்கொத்திக்கும் இது பஞ்ச காலம். அவை உப்பள வரப்புகளுக்கும் கடற்கரை மணலுக்கும் ஒதுங்குகின்றன. நீந்தும் பறவைகளுக்கோ இதுவே நல்ல காலம். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தட்டைவாயனும் ஆழ்ந்த நீரில் கூட்டமாக மிதக்கும். வெள்ளத்தோடு மீன்குஞ்சு பெருகுவதால் கூழைக்கடா, கரண்டிவாயன், ஆலா எல்லாம் கூடும்.

இங்கே கடல் ஏற்றவற்றத்தின் வீச்சு ஒரு மீட்டருக்கும் குறைவு. சேற்றுவெளியின் நீர்மட்டத்தைக் காற்று ஆட்டிவைக்கிறது. தட்டையான வெளியென்பதால் காற்றின் போக்கில் நீர் ஒரு பக்கமாக ஒதுங்கும். நேற்று உள்ளான்கள் மேய்ந்த இடம் இன்று நீருக்கடியில் இருக்கும், அரைக் கிலோமீட்டர் தள்ளி வேறொரு சேற்றுப் படுகை வெளியே வந்திருக்கும். மீனவர்களிடம் காற்றின் திசையைக் கேட்டுவிட்டுப் போகும் பழக்கம் பறவை பார்ப்பவருக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். சேற்றில் இறங்கி நடக்கலாம் என்று மட்டும் எண்ணக் கூடாது. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குக் கோடியக்கரையின் புதைசேறு நினைவிருக்கும். கதையில் வருவது என்று அதை ஒதுக்கிவிடுவதற்கில்லை.

இதே பருவம்தான் புயலின் பருவமும். 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், கோடியக்காட்டின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. வெளிமான்களும் பறவைகளும் மடிந்தன.

மழை ஓய்ந்து வாடை மெலியும் தை, மாசி மாதங்களே கோடியக்கரையின் நிறைவான காலம். நீர் நாளுக்கு நாள் வற்ற வற்ற, கரையோரமாகப் புதுப்புதுச் சேறு வெளிப்படுகிறது. மழைக்காலத்தில் உவர்ப்பு குறைந்த நீரில் பெருகிய புழுக்கள் அந்தச் சேற்றில் இரையாகக் காத்திருக்கின்றன. பறவைகள் நிற்கும் வரிசையைப் பார்த்தே நீரின் ஆழத்தைச் சொல்லிவிடலாம். ஈரச்சேற்றில் உப்புக்கொத்தி, அதற்கு அடுத்து கணுக்கால் நனையும் நீரில் கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும், இன்னும் உள்ளே பவளக்காலியும் பச்சைக்காலியும், தொடை வரை நீரில் நெடுங்கால் உள்ளானும் கருவால் மூக்கனும். உப்புக்கொத்திக்குப் பெரிய கண், குட்டை அலகு: பார்த்துக் கொத்துகிறது. வளைமூக்கு உள்ளானின் நீண்ட அலகு நுனியில் தொடுவுணர்வு மிகுதி: சேற்றுக்குள் குத்தித் துழாவி இரையை உணர்கிறது. ஆயிரக்கணக்கில் ஒரே வெளியில் மேய்ந்தும் இவற்றிடையே பெரிய போட்டி எழாததற்கு இதுவே காரணம். தொலைவில் நின்று ‘எல்லாம் சாம்பல் நிறக் குருவிகள்’ என்று சலித்துக்கொள்பவர், நிறத்தை விட்டுவிட்டு அலகையும் நடையையும் கவனித்தால் ஒரே நாளில் பாதி இனங்களைப் பிரித்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் அப்பால், முழங்கால் ஆழத்தில் பூநாரைகள் நிற்கும். பெரும்பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகின் மேல்பகுதி கீழாக இருக்கும்படி நீரில் வைத்து மேய்கிறது. நாக்கு உந்துகோல்போல முன்னும் பின்னும் இயங்கி நீரை உறிஞ்சித் தள்ள, அலகின் ஓரத்து மென்தகடுகள் நுண்ணுயிர்களை வடிகட்டி நிறுத்துகின்றன. சில சமயம் ஒரே இடத்தில் கால்களால் சேற்றை மிதித்துக் கலக்கியபடி சுற்றிவரும். நீர் வற்றியபின் அந்த வட்டங்கள் சேற்றில் தெரியும். சிறகின் இளஞ்சிவப்பு, பாசியிலிருந்தும் அதைத் தின்னும் உயிர்களிலிருந்தும் கிடைக்கும் நிறமியால் வருவது. சாம்பல் தோய்ந்து நிற்பவை இளம் பறவைகள். இந்தியாவில் இவை பெருமளவில் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கட்ச் பாலை. கூட்டத்தில் சிறிய பூநாரை எப்போதாவது தென்படும். அதன் அலகு கருஞ்சிவப்பாக இருக்கும்.

பூநாரை எங்கே இருக்கும் என்பதற்கு உப்பளம் நல்ல வழிகாட்டி. கடல்நீர் முதலில் பெரிய தேக்கங்களுக்கு ஏறுகிறது. அங்கே உப்பு கடலளவுதான். மீன் உண்டு, எனவே நீர்க்காகமும் ஆலாவும் கொக்கும் உண்டு. அடுத்தடுத்த பாத்திகளில் நீர் சுண்டச் சுண்ட மீன் வாழ முடியாமல் போகிறது. மீன் இல்லாத இடத்தில், தின்பார் யாருமின்றி, ஆர்டீமியா என்னும் சிறு உவர்நீர்க் கூனி பெருகுகிறது. பூநாரையும் கோணமூக்கு உள்ளானும் நாடுவது இந்த இடைப் பாத்திகளை. உப்பு விளையும் கடைசிப் பாத்தியில் பறவைக்கு இரை கிடையாது. அதன் வரப்பில் இளைப்பாறும் பறவைகளை மட்டும் எண்ணலாம். எண்ணுவதற்கு உகந்த இடமும் அதுவே. 1987இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் நடப்பதால் அதுவும் இந்தப் பருவத்தில் வருகிறது.

உப்பளம் பறவைக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. நீர் தேங்கும் பாத்தி சில இனங்களுக்கு இரை தருகிறது. ஆனால் இயற்கையான சேற்றுவெளியைப் பாத்தியாக மாற்றும்போது, பருவத்துக்குப் பருவம் மாறும் அதன் ஆழமும் உவர்ப்பும் போய்விடுகின்றன. சிறு உள்ளான்கள் நம்பியிருப்பது அந்த மாற்றத்தைத்தான். மேற்கே ஆறுகளின் நன்னீர் குறைவதும் இதே விளைவைத் தருகிறது. 1980களில் இங்கே கண்ட கூட்டங்களின் அளவு பிற்காலத்தில் இல்லை.

அந்தக் கூட்டங்களைப் பற்றிய தெளிவான செய்திகள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே நடத்திய வளையமிடும் பணியால் கிடைத்தவை. சாலிம் அலி காலத்தில் தொடங்கி, 1980களில் பெரிய அளவில் நடந்த வேலை அது. பறவை பிடிப்பதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட பீகாரின் மிர்ஷிகார்கள் கண்ணியும் வலையும் வைத்துக் காயமின்றிப் பிடிக்க, ஆய்வாளர்கள் எடை பார்த்து, சிறகு அளந்து, காலில் எண் பொறித்த வளையத்தை மாட்டி விடுவித்தார்கள். வளையமிட்ட பறவைகள் பின்வந்த ஆண்டுகளில் இதே சேற்றுவெளிக்குத் திரும்பி வந்தது அப்படித்தான் உறுதியாயிற்று. உலகில் மிக அருகிவிட்ட கரண்டிமூக்கு உள்ளானும் அக்காலத்தில் இங்கே பதிவானது. இன்றும் தொலைநோக்கியில் ஓர் உள்ளானைப் பார்க்கும்போது அலகோடு காலையும் பார்க்க வேண்டும். வளையமோ வண்ணக்கொடியோ இருந்தால் அதன் நிறமும் எந்தக் காலில் என்பதும் குறிக்கத்தக்கவை.

பங்குனியில் பறவைகள் நிறம் மாறத் தொடங்குகின்றன. மாதக்கணக்கில் சாம்பலாக இருந்த வளைமூக்கு உள்ளான் செங்கல் நிறமாகிறது. உப்புக்கொத்தியின் மார்பில் செம்பழுப்புப் பட்டை ஏறுகிறது. அடையாளம் காண இதைவிட எளிய காலம் இல்லை. பறவைகள் இப்போது ஓயாமல் தின்னும். தோலுக்கடியில் சேரும் கொழுப்புதான் வடக்கே போகும் பயணத்துக்கு எரிபொருள். புறப்பாடு பெரும்பாலும் மாலையில் நடக்கிறது. ஒரு கூட்டம் குரல் கொடுத்தபடி மேலெழும், வட்டமிடும், சில பறவைகள் மட்டும் திரும்பி இறங்கும், மற்றவை போய்விடும். சித்திரை முடிவதற்குள் வெளி காலியாகிறது.

முற்றிலும் காலியாவதில்லை. முந்தைய ஆண்டு பிறந்த இளம் பறவைகளில் ஒரு பகுதி, இனப்பெருக்க வயது வராததால், வடக்கே போகாமல் கோடையை இங்கேயே கழிக்கிறது. மே மாதத்து வெயிலில் சாம்பல் நிறத்திலேயே நிற்கும் வளைமூக்கு உள்ளான் நோயுற்றது என்று நினைக்க வேண்டியதில்லை. வைகாசியில் பாலைப்பழம் பழுக்கும்போது காட்டில் குயிலும் கொண்டைக்குருவியும் மைனாவும் கூடும். அப்போது காட்டில் காத்திருக்க ஏற்ற இடம் பழுத்த பாலை மரத்தடிதான்.

உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டுவதும் இந்தக் காய்ந்த மாதங்களில்தான். நெடுங்கால் உள்ளான், சிற்றாலா, ஆள்காட்டி ஆகியவற்றோடு இங்கே தங்கி வாழும் ஒரு சிறு உப்புக்கொத்தியும் வரப்பிலும் காய்ந்த சேற்றிலும் வெறுந்தரையில் முட்டையிடும். நெடுங்காலமாகக் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு வகையாகக் கருதப்பட்ட அது, 2023இல் தனி இனமாகப் பிரிக்கப்பட்டு, தென்னிந்தியா, இலங்கை என்று ராமர் பாலத்தின் இருபுறமும் வாழ்வதால் அனுமன் உப்புக்கொத்தி என்று பெயரிடப்பட்டது. அடைகாப்பதில் இங்கே பெரிய வேலை முட்டையைச் சூடேற்றுவதல்ல, வெயிலில் வேகாமல் காப்பது. தாய்ப்பறவை நீரில் அடிவயிற்றை நனைத்து வந்து முட்டைமேல் அமர்கிறது. ஆள் வந்தால் எழுந்து, சிறகொடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடி, தன்பின்னே வரச்செய்யும். அந்த நேரமெல்லாம் முட்டை வெயிலில் கிடக்கும். ஆகவே சித்திரை முதல் ஆனி வரை வரப்புகளில் இறங்கக் கூடாது; பாதையில் நின்று தொலைநோக்கியில் பார்ப்பதே முறை.

சதுப்பின் மேற்குக் கோடியான முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் பறவைகள் வேறு வகை. அவை அடுத்த இதழில்.