மூளைப் புற்றணுக்கள் பரவும் விதம்: ஆய்வுக்கூட மாதிரிகள்

1928-ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவரான வால்ட்டர் டாண்டி, கிளையோமா என்னும் மூளைக் கழலையால் பீடிக்கப்பட்ட நோயாளிகள் சிலருக்கு மூளையின் வலது அரைக்கோளத்தை முழுவதும் அகற்றிய செய்தியை வெளியிட்டார். இத்துணைக் கடுமையான சிகிச்சையாலும் நோயை வேரறுக்க இயலவில்லை. கண்ணுக்குப் புலனாகும் கட்டியின் எல்லைக்கு வெகு அப்பால் புற்றணுக்கள் தனித்தனியே ஊர்ந்து சென்றுவிடுவதே காரணம். இவ்வினத்துள் மிகக் கொடியது கிளையோபிளாஸ்டோமா. 2005-இல் வெளிவந்த சோதனையில், கதிர்ச் சிகிச்சையுடன் டெமோசோலோமைடு என்னும் மருந்தும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 14.6 மாதங்கள், கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 12.1 மாதங்கள்.

இவ்வணுக்கள் மண்டையோட்டைக் கடந்து பிற உறுப்புகளுக்குச் செல்வது அரிது. மூளைக்குள்ளேயே இரத்தக் குழாய்களின் ஓரமாகவும், வெண்பொருளின் நரம்பிழைகளை ஒட்டியும் அவை செல்லுகின்றன என்பதை 1938-இலேயே ஷெரர் என்பவர் விவரித்துள்ளார். ஆகவே எந்த ஆய்வுக்கூட மாதிரியைக் குறித்தும் முதலில் கேட்க வேண்டுவது, அதில் இப்பாதைகள் உண்டா என்பதே.

மிக எளிய முறையில், தட்டில் படர்ந்து வளர்ந்த அணுப்படலத்தில் கீறலிட்டு, அது மூடும் வேகத்தை அளப்பர். 1962-இல் பாய்டன் என்பவர் விவரித்த அறையை ஒட்டிய மற்றொரு முறையில், நுண்துளைச் சவ்வின்மேல் கூழ் பூசி, மேலே அணுக்களையும் கீழே ஊட்டநீரையும் வைப்பர். துளையின் விட்டம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் 125-இல் ஒரு பங்கு. கீழே இறங்கிய அணுக்களை எண்ணிவிடலாம். செலவு குறைவு, பல மருந்துகளை ஒருங்கே சோதிக்கலாம். ஆனால் மூளை பிளாஸ்டிக் அன்று. கெட்டித் தயிர் போல் மென்மையானது. 2009-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் விறைப்பு வேறுபட்ட கூழ்களின் மீது இவ்வணுக்களை வளர்த்தனர். விறைப்பான பரப்பில் அவை பரந்து விரிந்து, விரைந்து ஊர்ந்தன. மூளையை ஒத்த மென்பரப்பிலோ உருண்டு, மெல்லவே நகர்ந்தன. தட்டில் கண்ட வேகத்தில் ஒரு பகுதி தட்டினால் விளைந்ததே எனலாம்.

அணுவின் பிறப்பும் கருதத்தக்கது. 1960-களில் சுவீடனின் உப்சாலா நகரில் வளர்க்கப்பட்ட யூ87 என்னும் அணுவழி உலகெங்கும் வழங்குகிறது. சுண்டெலியின் மூளையில் இட்டால் அது பெரும்பாலும் தெளிந்த எல்லையுடைய உருண்டையாகவே வளர்கிறது. பரவலை ஆராய, சரிவரப் பரவாத அணு! மேலும், விற்பனையில் உள்ள இவ்வணு மூல நோயாளியின் கழலையோடு மரபுப்பொருளில் ஒத்திருக்கவில்லை என்பது 2016-இல் வெளிப்பட்டது. நோயாளியின் அணுக்களை ஸீரம் சேர்க்காத ஊட்டநீரில் வளர்த்தால் அவற்றின் இயல்பு கெடுவதில்லை என 2006-இல் காட்டப்பட்டது. இவை சுண்டெலியின் மூளையில் உண்மை நோயைப் போலவே ஊடுருவுகின்றன.

பாதையைச் செயற்கையாக அமைத்த முயற்சியும் உண்டு. 2014-இல் பெல்லம்கொண்டா குழுவினர், ஒரே திசையில் அடுக்கிய நுண்ணிழைப் படலத்தை எலியின் மூளைக் கழலையருகே செருகினர். புற்றணுக்கள் அவ்விழைகளைப் பற்றிக்கொண்டு, மூளைக்கு வெளியே வைத்திருந்த நச்சுக்கூழை நோக்கிச் சென்றன.

மனித மூலவுயிரணுக்களிலிருந்து மூளையை ஒத்த சிற்றுறுப்பை வளர்க்கும் முறை 2013-இல் வியன்னாவிலிருந்து வெளிவந்தது. 2019-இல் நோயாளிகளின் புற்றணுக்களை இத்தகைய சிற்றுறுப்புகளோடு சேர்த்து வளர்த்தபோது, அவை திசுவினுள் ஊடுருவின. ஆயினும் இச்சிற்றுறுப்பில் இரத்த ஓட்டம் இல்லை. குழாயோரமாகச் செல்லும் அணுவைக் காண, பெரும்பாலும் உயிருள்ள சுண்டெலியின் மூளையையே நாட வேண்டியிருக்கிறது.