பாறை ஏறும் வண்டிக்கு டயரே உயிர்

கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரங்களில் நான்கு சக்கர இயக்க வண்டிகள் மீது ஆர்வம் கொண்ட இளைஞர்கள் பலர் இருக்கிறார்கள். பழைய சுஸுகி ஜிம்னியையோ டொயோட்டா ஹைலக்ஸையோ வாங்கி, பட்டறையில் கொடுத்து, தங்கள் விருப்பப்படி மாற்றிக் கட்டுகிறார்கள். சிலர் இரும்புக் குழாய்களால் சட்டம் அமைத்து, பாறை ஏறுவதற்கென்றே 'பகி' வண்டி கட்டுகிறார்கள். பேச்செல்லாம் எஞ்சினைப் பற்றியே இருக்கும். ஆனால், எஞ்சினின் பலம் முழுவதும் நான்கு டயர்கள் தரையைத் தொடும் சிறு பகுதி வழியாகத்தான் தரைக்குப் போகிறது. அந்தப் பகுதி வழுக்கினால் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் பயனில்லை.

சேறா, பாறையா?

டயர் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வண்டி எந்தத் தரையில் ஓடப் போகிறது என்பதுதான். 1997-இல் நம் நாட்டில் தொடங்கிய 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' போட்டி வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தேர்ந்தெடுத்து நடத்தப்படுவது. அங்கே எதிரி சேறு. அதற்கேற்ற டயரில் பூக்கள் உயரமாகவும், ஒன்றுக்கொன்று அதிக இடைவெளியோடும் இருக்கும். சக்கரம் சுழலும்போது அந்த இடைவெளியில் ஒட்டிய களிமண் வெளியே வீசப்பட்டு, டயர் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

பாறையின் தேவை வேறு. ஆற்றுப் படுகையில் உள்ள வழவழப்பான கல்லைப் பிடிக்க ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும். பூவும் பக்கச்சுவரும் கல்லின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்க வேண்டும். மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும். ஆனால் தார்ச்சாலையில் விரைவில் தேய்ந்துவிடும். போட்டிக்கு மட்டும் ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். அன்றாடம் வேலைக்கு ஓட்டும் வண்டிக்குப் பொருந்தாது.

நம் தாத்தா பாட்டிகள் தோட்டங்களில் பால் வெட்டிய காலத்தில் அந்தப் பால் எங்கே போகிறது என்று யோசித்திருக்க மாட்டார்கள். எளிதில் கிழியாது, சூடும் அதிகம் ஏறாது என்பதால், கனரக வாகன டயர்களிலும் விமான டயர்களிலும் இன்றும் இயற்கை ரப்பருக்கே பெரும்பங்கு உண்டு. டயரின் தரம் அதன் பூவின் அழகில் மட்டும் இல்லை; ரப்பர்க் கலவையிலும் உள்ளே இருக்கும் நூலடுக்குகளிலும் இருக்கிறது.

பெரிய டயர், பெரிய செலவு

29 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 அங்குலம் போட்டால் வண்டியின் அடிப்பகுதி 3 அங்குலம் உயரும். இது இலாபம். ஆனால், டயரின் சுற்றளவு ஏறக்குறைய 21 விழுக்காடு கூடுகிறது. வேகமானி 90 கிலோமீட்டர் என்று காட்டும்போது வண்டி உண்மையில் ஏறக்குறைய 109-இல் போய்க்கொண்டிருக்கும். பிரேக்குக்கும் வேலை கூடும். அச்சுத் தண்டுகள் முறியும் வாய்ப்பும் அதிகம். ஆகவே டயரின் விலையோடு முன், பின் அச்சுகளின் பல்சக்கர விகிதத்தை மாற்றும் செலவையும், அச்சை வலுப்படுத்தும் செலவையும் கூட்டிப் பார்த்த பிறகே அளவை முடிவு செய்ய வேண்டும்.

காற்றில்தான் சூட்சுமம்

ஒரு கணக்கைப் பாருங்கள். 1,200 கிலோ எடையுள்ள வண்டியில் ஒரு சக்கரத்தின் மேல் ஏறக்குறைய 300 கிலோ, அதாவது 660 பவுண்டு இருக்கிறது. டயரில் காற்று 30 பிஎஸ்ஐ என்றால் தரையைத் தொடும் பரப்பு 22 சதுர அங்குலம். அதையே 10 பிஎஸ்ஐ-க்குக் குறைத்தால் 66 சதுர அங்குலம். பக்கச்சுவரும் ஓரளவு எடையைத் தாங்குவதால் உண்மையில் இவ்வளவு கூடாது. ஆனாலும் பிடிப்பு பெருமளவு கூடும். ஒரு காசு செலவில்லாமல் கிடைக்கும் பலம் இது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. காற்று குறையக் குறைய, ரிம்மைக் கவ்வியிருக்கும் டயர் விளிம்பு கழன்றுவிடும். சாதாரண ரிம் என்றால் பாறையில் 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை போதும். விளிம்பை வளையமும் போல்ட்டுகளும் கொண்டு இறுக்கிப் பிடிக்கும் 'பீட்லாக்' ரிம் இருந்தால் 8 அல்லது 10 வரை இறங்கலாம். எடை குறைந்த போட்டி வண்டிகள் அதற்கும் கீழே போகின்றன. பீட்லாக் போல்ட்டுகளை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சரிபார்க்க வேண்டும்.

ஓட்டும் முறையும் மாற வேண்டும். சேற்றில் சக்கரத்தைச் சுழல விடலாம், பாறையில் கூடாது. அங்கே சுழலும் டயர் கிழியும், திடீரென்று பிடிப்பு கிடைத்தால் அச்சு முறியும். குறைந்த கியரில், நடக்கும் வேகத்தில், டயரைக் கல்லின் மேல் வைத்து ஏறுங்கள். கல்லை இரு சக்கரங்களுக்கும் நடுவே விட்டால் அது பின்னச்சைத் தாக்கும்.

சாலைக்குத் திரும்பும்போது

உயிரைக் காக்கும் பாடம் இனிதான் இருக்கிறது. காட்டிலிருந்து வெளியே வந்து, 12 பிஎஸ்ஐ காற்றோடு அப்படியே காராக் நெடுஞ்சாலையில் ஏறினால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரியும். உள்ளே சூடு ஏறும். நூலடுக்குகள் பிரிந்து டயர் வெடிக்கும். காட்டில் நம்மைக் காப்பாற்றிய அதே குறைந்த காற்று, சாலையில் நம்மோடு அடுத்தவர் உயிரையும் பறிக்கக்கூடும். அதனால் காற்றடிக்கும் கருவியும், குறைந்த அழுத்தத்தைத் துல்லியமாகக் காட்டும் மானியும் இல்லாமல் புறப்படக் கூடாது. பெட்ரோல் நிலையக் கருவியில் காணும் 220 கிலோபாஸ்கல், ஏறக்குறைய 32 பிஎஸ்ஐ. உங்கள் டயருக்குரிய சாலை அளவைத் தெரிந்து வைத்திருங்கள்.

டயரில் உள்ள வேக எழுத்தையும் பாருங்கள். 'கே' என்றால் 110, 'எல்' என்றால் 120, 'கியூ' என்றால் 160 கிலோமீட்டர் உச்ச வேகம். பழைய டயர் மலிவாகக் கிடைத்தால் தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 1524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம். பூ நிறைய இருந்தும் ரப்பர் வெடித்து முதுமையடைந்த டயர் வேண்டாம்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. வண்டியின் அமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி தேவை. பொதுச் சாலைக்கு அனுமதி பெறாத பகியை லாரியில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதியும் வேண்டும்.

இளைஞர்களே, இந்த விளையாட்டு பொறுமையையும் கணக்கையும் கற்றுத் தருவது. பெற்றோர்களே, பிள்ளை வண்டி கட்டுகிறான் என்றால் எஞ்சின் விலையைக் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். சாலை ஏறும் முன் காற்றடிக்கும் கருவி வண்டியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.