மவுண்ட் ரோடுக்குப் பாலம் தந்தவர்

சென்னைவாசிகளே, அண்ணா சாலை வழியாக ஆயிரம் தடவை போயிருப்பீர்கள். சைதாப்பேட்டைப் பாலத்தருகே எழுத்துப் பொறித்த கல் ஒன்று நிற்கிறதே, அதை ஒரு தடவையாவது கவனித்ததுண்டா? "பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைப்பதே பெரும்பாடு, கல்லைப் பார்க்கவா அவகாசம்?" என்கிறீர்களா? நியாயந்தான். ஆனாலும் அந்தக் கல்லுக்கு உரியவரைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள்.

கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகும் பாதை. ஆகையால் அது மவுண்ட் ரோடு. தோமையர் உயிர் நீத்த இடம் என்ற ஐதிகத்தின் பேரில், 1523-ல் போர்த்துகீசியர் அந்த மலையுச்சியில் மாதா கோயில் கட்டினார்கள். யாத்திரிகர்கள் போகவர இருந்தார்கள். பாதையின் வலப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் ஏரி. (இன்று ஜவுளிக் கடைகளில் நீங்கள் நெரிபடும் தியாகராய நகர், 1920-களில் அந்த ஏரியைத் தூர்த்து எழுந்ததுதான்!) ஏரியைத் தாண்டினால் எதிரே அடையாறு. மழைக் காலத்தில் வெள்ளம் புரண்டால் யாத்திரையும் வியாபாரமும் கரையோடு சரி.

இந்தச் சங்கடத்தைத் தீர்த்தது கும்பினி சர்க்கார் அல்ல. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வர்த்தகர். மணிலாவரை கப்பல் வியாபாரம் செய்து பெரும் பொருள் ஈட்டியவர். 1726-ல் சொந்தப் பணத்தைக் கொட்டி, ஆற்றின் குறுக்கே வளைவுகள் வைத்த பாலம் கட்டினார். அது பழுதுபடாமல் காக்கவும் தனியாக ஒரு தொகை ஒதுக்கினார். மலையேறுவோர் சிரமப்படுவதைப் பார்த்து, உச்சிவரை படிகளும் அமைத்துக் கொடுத்தார். சுங்கம் வசூலித்துப் போட்ட பணத்தை எடுத்துக்கொள்ளும் எண்ணமில்லை, எல்லாம் தர்மம்!

பிறகு அவருக்கும் சோதனை வந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அவருடைய சொத்துக்களைப் பறிமுதல் செய்தார்கள். புதுச்சேரியில் வந்து குடியேறினால் திருப்பித் தருவதாக ஆசை காட்டியும் பார்த்தார்கள். மனிதர் அசையவில்லை.

அதே சாலையில் நின்ற இன்னொருவர் கதையையும் சொல்லத்தான் வேண்டும். கர்னல் நீல் துரை! 1857 கிளர்ச்சியை அடக்குகிறேன் என்று அலகாபாத்திலும் கான்பூரிலும் ஈவிரக்கமின்றித் தூக்குமரங்களை நட்டவர். அவருக்கு மவுண்ட் ரோடில் கம்பீரமான சிலை! அந்த அவமானத்தை அகற்றக் கோரி 1927-ல் இளைஞர்கள் சத்தியாக்கிரகம் செய்தார்கள், சிறை சென்றார்கள். காந்தியடிகளின் ஆதரவும் இருந்தது. அப்படியும் சிலை அசைய இன்னும் பத்து ஆண்டுகள் பிடித்தன. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகே நீல் துரை பொருட்காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தார். தூக்கிலிட்டவருக்குச் சிலை வைக்கத் தோன்றிய துரைமார்களுக்குப் பாலம் கட்டியவருக்கு ஒரு சிலை வைக்கத் தோன்றவில்லை பாருங்கள்!

1968-ல் அண்ணாவுக்குச் சிலை எழுந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தபின் சாலையே அவர் பெயரைப் பெற்றது. 1960-களிலேயே உஸ்கானின் பழைய பாலம் போய்ப் புதிய பாலம் வந்துவிட்டது. அதற்கு மறைமலை அடிகள் பெயர். பொருத்தமான பெயர்கள்தான், யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் இத்தனை பெயர்களுக்கு நடுவில் உஸ்கானுக்கு எஞ்சியது அந்தக் கல் ஒன்றுதான். பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் என்று மூன்று பாஷைகளில் அதில் எழுதியிருக்கிறது. தமிழில் இல்லை. புகையும் தூசியும் படிந்து நின்ற காலமும் உண்டு.

உஸ்கான் 1751-ல் காலமானார். உடலை வேப்பேரியில் அடக்கம் செய்தார்கள். இருதயத்தை மட்டும், அவர் விருப்பப்படியே, பாரசீகத்திலுள்ள ஜுல்ஃபாவுக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய சொந்த ஊருக்கு.